வாரிக் தோர்ன்டன்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஒளிப்பதிவாளர் பற்றிப் பேசலாம் வாங்க

செம்மண் (இழையைத் தொடங்கியவர்)

'உலக ஒளிப்பதிவாளர்கள்' இழையில் ஆளாளுக்குப் பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஒருவர்கூட வாரிக் தோர்ன்டனைச் சொல்லவில்லை. அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: 1970ல் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். கைட்டிச் என்ற பழங்குடி இனத்தவர். பதின்வயதில் உள்ளூர்ப் பழங்குடி வானொலியில் பாட்டுப் போடும் அறிவிப்பாளர். பிறகு சிட்னியில் தேசியத் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படித்து 1997ல் வெளியே வந்தார். மறு வருஷமே ரேச்சல் பெர்கின்ஸ் இயக்கிய 'ரேடியன்ஸ்' படத்துக்கு இவர் கேமரா. பெர்கின்ஸும் பழங்குடி, அவருக்கும் அது முதல் கதைப்படம்.

அதன்பின் பத்து வருஷம் ஆவணப்படம், குறும்படம், மற்றவர்களுக்குக் கேமரா என்று ஓடியது. 2009ல் தானே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்த 'சாம்சன் அண்ட் டிலைலா' கான் விழாவில் கேமரா தோர் வாங்கியது. முதல் படம் எடுப்பவர்களுக்கான பரிசு அது. 2012ல் வெய்ன் பிளேரின் 'தி சஃபையர்ஸ்' படத்துக்கு வெறும் ஒளிப்பதிவாளராக மட்டும் வேலை செய்தார். 2017ல் 'ஸ்வீட் கன்ட்ரி', வெனிஸில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு. 2023ல் 'தி நியூ பாய்', அதற்குப் போலந்தின் கேமரிமேஜ் விழாவில் தங்கத் தவளை. ஒளிப்பதிவாளர்களுக்கென்றே நடக்கிற விழா அது. அங்கே ஜெயிப்பது சும்மா இல்லை.

விருதுப் பட்டியல் போதும். இவரைப் பற்றி நான் சொல்ல வருவது ஒன்றுதான். எதைக் காட்டலாம் என்று யோசிக்கிற ஒளிப்பதிவாளர்கள் நிறைய. எதைக் காட்டக் கூடாது, காட்டினாலும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதில் இவருக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. அது ரசனையிலிருந்து மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கட்டர் செந்தில்

சாம்சன் படம் பாத்தேன் தலைவா. நான் அசிஸ்டென்ட் கேமராமேன், அதனால தொழில் பக்கமா மட்டும் சொல்றேன்.

பன்னெண்டு மணி வெயில்ல ஆர்ட்டிஸ்ட் மூஞ்சிக்கு குளோஸ் வைக்கணும்னா நம்ம யூனிட்ல என்ன நடக்கும்? மொதல்ல "வெயில் டாப்ல நிக்குது, சாப்பாட்டு பிரேக் விடு"ம்பாங்க. விட முடியலன்னா தலைக்கு மேல வெள்ளைத் துணி கட்டி வெயில மெதுவாக்கி, கீழேர்ந்து தெர்மாகோல் அடிச்சு கண்ணுக்குக் கீழ இருக்கிற நிழல எடுப்போம். இந்தப் படத்துல அந்த வேலையே தெரியல. வெயில் நேரா மண்டையில இறங்குது. புருவத்துக்குக் கீழ கண்ணு குழியாட்டம் இருட்டுது. அப்படியே விட்டுட்டாரு.

அதுவும் கறுத்த தோல், பின்னாடி கண்ணு கூசுற வானம். மூஞ்சிக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள்ள விடற வெளிச்ச அளவு) வச்சா வானம் வெள்ளையாப் போயிரும். வானத்துக்கு வச்சா மூஞ்சி கரிக்கட்டை. பல இடத்துல அவரு வானத்தப் போகட்டும்னு விட்டிருக்காரு. மூஞ்சிதான் முக்கியம்னு முடிவு பண்ணவன் செய்யற காரியம் அது. இன்னொண்ணு, அந்த ஊரு மண்ணு ரத்தச் செவப்பு. வெயில் தரையில பட்டு எகிறி தாடைக்குக் கீழ ஒரு செவப்பு வெளிச்சம் ஏறுது பாருங்க. காசு செலவில்லாத பவுன்ஸ். அதத் தெர்மாகோல் வச்சு வெள்ளையா மாத்தியிருந்தா அந்த ஊரே போயிருக்கும்.

டிஐ ரூம்

செந்தில் அண்ணன் சொன்னதோடு சின்னதாக ஒன்று. ஃபிலிம் காலத்தில் லேபுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்புவார்கள், அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம். 'ஷெர்லி கார்டு' என்று பேர். பல பத்தாண்டுகள் ஃபிலிமும் பிரிண்டும் அந்தத் தோலுக்குத்தான் ட்யூன் செய்யப்பட்டன. கறுப்புத் தோல் அதில் விழும்போது விவரம் செத்துப்போகும், பல்லும் கண்ணும்தான் மிஞ்சும். கோடாக் இதைச் சரிசெய்யத் தொடங்கியதே ரொம்பத் தாமதமாக.

இவர் 90களில் ஃபிலிமில் படித்து வந்தவர். சாம்சன் படமும் 35 எம்எம்தான். தன் வீட்டு ஆட்களின் முகம் சரியாக விழ வேண்டுமென்றால் பாடப் புத்தகக் கணக்கு பத்தாது என்று இப்படிப்பட்ட ஆளுக்குச் சீக்கிரமே தெரிந்திருக்கும்.

அரைவேக்காடு

எல்லாரும் பாராட்டுங்க, நான் கொஞ்சம் கல்லைப் போடறேன். சாம்சன் படம் முதல் அரை மணி நேரம் ஒரே நாளை நாலு தடவை காட்டுது. பையன் எழுந்திரிக்கிறான், டப்பாவுல பெட்ரோலை முகர்றான், வெளிய அண்ணன் பேண்டு அதே ரெக்கே டியூனை வாசிக்குது, பொது போன் அடிக்குது, யாரும் எடுக்கல. அந்தப் பொண்ணு பாட்டிய வீல்சேர்ல தள்ளிட்டு கிளினிக் போகுது, தகரச் சர்ச்சுக்குப் போகுது. வசனமும் கிடையாது. ஐரோப்பிய விழாக்காரங்களுக்குப் பிடிக்கிற எல்லாம் இருக்கு: மௌனம், வறுமை, பாலைவனம். 'பழங்குடிப் பார்வை'னு பேர் வச்சா கேள்வி கேக்கக் கூடாதா?

செம்மண்

கேளுங்க, அதுக்குத்தானே இழை.

மௌனம் விழாவுக்காக வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பதிலுக்கு ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அந்தப் பையன் சாம்சன், பெண் டிலைலா இரண்டு பேரும் ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து பாலத்துக்கு அடியில் தங்குகிறார்கள். ஒருநாள் தெருவில் நடக்கிறார்கள். சாம்சன் முன்னால், பெட்ரோல் டப்பாவில் மூக்கை வைத்தபடி. டிலைலா சில அடி பின்னால். ஃபோகஸ் அவன் மேல். பின்னால் ஒரு கார் வந்து நிற்கிறது, அவளை உள்ளே இழுத்துப் போடுகிறார்கள், கார் போய்விடுகிறது. அத்தனையும் அவன் தோளுக்குப் பின்னால்தான் நடக்கிறது. கட் இல்லை, பதறிய இசை இல்லை. அவன் நடந்துகொண்டே இருக்கிறான். நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை.

இதையே வேறொருவர் எடுத்தால் என்ன செய்வார்? காருக்குள் கேமராவைக் கொண்டுபோவார். அவள் முகம், கை, அலறல். பார்ப்பவனுக்குப் பாவமும் வரும், அதோடு ஒரு பார்க்கும் கிளுகிளுப்பும் சேர்ந்தே வரும். இவர் உள்ளே போக மறுக்கிறார். பிறகு அவளைக் கார் மோதுவதும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே. இரண்டாவது தடவை நமக்கு முன்கூட்டியே வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் ஃப்ரேமின் அந்த மூலையைப் பார்க்க நாம் பழகிவிட்டோம். அரைவேக்காடு சொன்ன அந்த அரை மணி நேரத் திரும்பத் திரும்பலும் இதற்கான பழக்கம்தான். ஒரே இடத்தைப் பலமுறை காட்டிவிட்டால், அதில் சின்னதாக ஒன்று மாறினாலும் கண் உடனே போய் நிற்கும். பாட்டி எழுந்திரிக்காத காலை ஞாபகம் இருக்கிறதா?

மெல்பேர்ண் வாசி

வணக்கம். நான் இஞ்ச மெல்பேர்ணில இருக்கிறன். செம்மண் அண்ணை எழுதினது நல்லாயிருக்கு, ஆனா தோர்ன்டன்ர தாயைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. அதை விட்டால் இந்தாள் எங்கயிருந்து வந்தவர் எண்டே விளங்காது.

தாய் ஃப்றெடா கிளின். 1980ல அலிஸ் ஸ்பிறிங்ஸில 'காமா' எண்ட மத்திய அவுஸ்திரேலியப் பழங்குடி ஊடகச் சங்கத்தைத் தொடங்கின மூண்டு பேரில ஒராள். மற்றவை ஜோன் மகும்பா, பிலிப் பற்றி. முதலில வானொலி நேரம், பிறகு தங்கட நிலையம், வீடியோ, பாட்டு ஒலிப்பதிவு எண்டு வளர்ந்தது. அந்த நேரம் பெரிய பயம் ஒண்டு இருந்தது. 1985ல அவுசாற் செயற்கைக்கோள் மேல போகுது. அதுவரைக்கும் ரிவியே இல்லாத பாலைவனக் குடியிருப்புகளுக்கு ஒரேயடியா ஆங்கில ரிவி வந்து விழப்போகுது. பிள்ளையள் வீட்டில கதைக்கிற பாசை என்னாகும்? அதுக்காகத்தான் காமா அந்த ஒளிபரப்பு உரிமத்துக்கே போட்டி போட்டு எடுத்து, 1988ல 'இம்பார்ஜா' தொலைக்காட்சியைத் தொடங்கினது.

இந்தக் காமாவுக்குள்ள வளர்ந்த பிள்ளையளைப் பாருங்கோ. தோர்ன்டன், தமக்கை எரிக்கா கிளின், அலன் கொலின்ஸ், ஸ்ரீவன் மக்கிறெகர், டேவிட் ட்ரான்ரர், பெக் கோல். ரேச்சல் பெர்கின்ஸும் அங்கதான் வேலை பழகினவ. அதால அவரைத் தனிமரமாப் பாக்கக் கூடாது. தாய்மார் கட்டின ஒரு பட்டறை அது.

இன்னொண்டு. இஞ்ச ரிவியில பழங்குடியினர் பற்றின நிகழ்ச்சிக்கு முதல் ஒரு எச்சரிக்கை போடுவினம்: இறந்தவையின்ர உருவமும் குரலும் இதில இருக்கலாம் எண்டு. பல சமூகங்களில செத்த ஆளின்ர பேரைக்கூடக் கொஞ்சக் காலம் சொல்ல மாட்டினம். படம் எடுக்கிறது சும்மா விசயமில்லை, அதுக்கு ஆரிட்டயோ அனுமதி வேணும் எண்ட நினைப்போடதான் அங்க கமராவே கையில குடுபடுது. செம்மண் அண்ணை கேட்ட 'எதைக் காட்டக் கூடாது' எண்டதின்ர வேர் அங்க இருக்கெண்டு நான் நினைக்கிறன்.

கட்டர் செந்தில்

ஐயா அருமை. ரேடியோ விஷயம் கேட்டதும் ஒண்ணு புரியுது. சாம்சன்ல அந்தப் பொண்ணு ராத்திரி காருக்குள்ள உக்காந்து கேசட்ல ஏதோ ஸ்பானிஷ் பாட்டு கேக்கும். வெளிய பையன் அவன் ரேடியோவுக்குச் சட்டையக் கழட்டிட்டு ஆடுவான். அவன் ஆட்டம் ஒரு பாட்டுக்கு, நம்ம காதுல விழறது அவ பாட்டு. லவ் சீனே அதான், வேற ஒண்ணும் இல்ல. பாட்டுப் போட்டு வளந்தவன் வச்ச சீன்னு இப்பத்தான் தெரியுது.

மெல்பேர்ண் வாசி

ஓம். அவர் 2005ல எடுத்த 'கிறீன் புஷ்' குறும்படமும் அதே வானொலி அனுபவம்தான். இரவு நிகழ்ச்சி செய்யிற அறிவிப்பாளர், சிறையில இருக்கிற ஆக்களுக்குப் பாட்டுப் போடுறார், நிலையத்துக்கு ஒவ்வொருத்தரா வந்து நிக்கினம். பேர்ளினில பரிசு கிடைச்சது.

பெற்றோல் பற்றியும் சொல்ல வேணும். அது கற்பனையில்லை. முகர்ந்தா வெறி வராத 'ஓபல்' எண்ட பெற்றோலை 2005ல கொண்டுவந்து பாலைவன நிலையங்களில விக்கத் தொடங்கின பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறினது. படம் வரேக்க அந்தக் காயம் ஆறேல்லை.

நித்யகலா

காட்சி ஊடகம் படிக்கிறேன். மெல்பேர்ண் வாசி ஐயா சொன்ன காலத்தையே வேறொரு ஊரிலிருந்து பார்க்கலாம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டரில் யூண்டுமு. வார்ல்பிரி மக்களின் ஊர். சாம்சன் படத்தில் பேசும் மொழி அவர்களுடையது. 1980களில் எரிக் மைக்கேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே தங்கி, அந்த மக்கள் தாங்களே வீடியோ எடுக்க ஆரம்பித்ததைக் கூடவே இருந்து பார்த்தார். ஃப்ரான்சிஸ் ஜுபுருர்லா கெல்லி என்பவர் கோனிஸ்டன் படுகொலை நடந்த இடத்துக்குப் போய் ஒரு வீடியோ எடுத்தார். 1928ல் போலீஸ் குழு ஒன்று அந்தப் பக்கத்து மக்களைச் சுட்டுக் கொன்ற சம்பவம். அரசு விசாரணை ஒப்புக்கொண்ட கணக்கு 31 பேர். ஊர்க்காரர்கள் சொல்வது அதைவிட மிக அதிகம்.

வெளியாள் கண்ணுக்கு அந்த வீடியோ அனுபவமில்லாதவர் எடுத்தது மாதிரி இருக்கும். கேமரா காரணமே இல்லாமல் ஒரு மலையை நோக்கித் திரும்பும், ஒரு மரத்தில் நிற்கும், திடீரென ஜூம் ஆகும். மைக்கேல்ஸ் கூட நின்று விசாரித்ததில் தெரிந்தது: அந்தப் பான், அதாவது கேமராவின் திரும்பல், போலீஸ் எந்த வழியாக வந்ததோ அந்த வழியைத் தொடர்கிறது, மூதாதைகளின் தடத்தைத் தொடர்கிறது. நிற்கிற மரம் கதையில் ஓர் ஆள் ஒளிந்த மரம். ஃப்ரேமில் மனிதர்களே இல்லை, ஆனால் சம்பவம் முழுக்க இருக்கிறது. நிலத்தை வேடிக்கை பார்க்காமல் அதை ஏடு மாதிரி வாசிக்கிறார்கள்.

'ஸ்வீட் கன்ட்ரி' நடப்பது 1929ல். கோனிஸ்டனுக்கு மறு வருஷம். படத்தில் அதைப் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை.

அரைவேக்காடு

நித்யா, நல்ல தகவல். ஆனா தோர்ன்டன் படிச்சது சிட்னில. யூண்டுமு வீடியோவுக்கும் அவருக்கும் நேரடி கோடு இழுக்க முடியுமா? ஸ்வீட் கன்ட்ரி அப்பட்டமான வெஸ்டர்ன். அகலத் திரை, குதிரை, துப்பாக்கி, துரத்தல், தூக்குமேடை. ஹாலிவுட் வெஸ்டர்ன் இயக்குநர் ஜான் ஃபோர்டு காலத்து இலக்கணம். அதை எடுக்கப் பழங்குடி ஆளா இருக்கணும்னு என்ன?

நித்யகலா

நேர்க்கோடு இழுக்கவில்லை அண்ணா. அவர் அந்த வீடியோக்களைப் பார்த்துக் கற்றார் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெஸ்டர்ன் இலக்கணம் என்பதும் சரி. அதனால்தான் அவர் திருப்பிப் போட்டது கண்ணில் படுகிறது. அந்த வகைப் படங்களில் பாலைவனம் என்றால் ஆபத்து, ஊர் என்றால் பாதுகாப்பு. வெள்ளை ஆஸ்திரேலியர் எடுத்த பல படங்களிலும் அதே கதைதான்: உள்நாட்டுக்குள் போனவன் தொலைந்தான், தாகத்தில் செத்தான். இங்கே சாம் கெல்லி என்ற பழங்குடி ஆள் தற்காப்புக்காக ஒரு வெள்ளையனைச் சுட்டுவிட்டு மனைவியோடு காட்டுக்குள் போகிறான். கேமரா எவ்வளவு தூரம் போனாலும் அவன் அந்த நிலத்தில் தொலைந்தவன் மாதிரி தெரிவதில்லை. எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்று தெரிந்த நடை. துரத்தி வருகிற சார்ஜென்டோ உப்புப் பாளத்தில் தனியாக மாட்டிக்கொண்டு சாகக் கிடக்கிறார். மேலும் கீழும் வெள்ளை, எங்கே தரை முடிந்தது, எங்கே வானம் தொடங்கியது என்று தெரியாத ஃப்ரேம். அவருக்குத் தண்ணீர் கொடுப்பது யார் என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலம் அதேதான், லென்ஸும் அதேதான். யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நமக்கு அது வீடாகவோ நரகமாகவோ தெரிகிறது. சாம்சனிலும் பாருங்கள், கடத்தலும் கார் மோதலும் டவுனில். உயிர் திரும்புவது டிலைலாவின் பாட்டன் பூமியில், அவள் அவனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டும்போது.

நெறியாளர்

எல்லாரும் கதையைப் போட்டு உடைக்கிறீர்கள். இழைத் தலைப்பில் 'கதைச்சுருக்கம் உண்டு' என்று சேர்த்துவிட்டேன். தொடருங்கள்.

டிஐ ரூம்

ஸ்வீட் கன்ட்ரியின் முதல் ஷாட் பற்றி யாரும் பேசவில்லையே? நெருப்பில் ஒரு தகரக் குவளை, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஃப்ரேம் முழுக்க அதுதான். கறுப்பாக ஏதோ தூள் விழுகிறது, நீர் கறுக்கிறது. பிறகு வெள்ளைச் சர்க்கரை. இதற்கிடையே ஃப்ரேமுக்கு வெளியே இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் சத்தம், இன வசவு. கேமரா திரும்பிப் பார்ப்பதே இல்லை. படத்தின் மொத்த விஷயத்தையும் ஒரு டீக்குவளையில் அடக்கிவிட்டார். கொஞ்சம் உரக்கச் சொன்ன உருவகம்தான், இருந்தாலும் அந்தச் சத்தம் அதைக் காப்பாற்றுகிறது. படத்துக்குப் பின்னணி இசையே போடவில்லை. கடைசிப் பெயர்ப் பட்டியலில்தான் ஜானி கேஷ் பாட்டு.

அப்புறம் அந்த மின்னல் கட்கள். நடக்கப்போவது, நடந்து முடிந்தது, ஒரு நொடி, சத்தமில்லாமல் வந்துபோகும். ஒரு முகத்தைக் காட்டிய உடனே அந்த முகத்துக்கு என்ன நேரப்போகிறதென்று ஒரு கீற்று. சஸ்பென்ஸை அவரே கொல்கிறார். என்ன நடக்கும் என்ற பதற்றம் போய், எப்படி இதை நடக்க விட்டார்கள் என்ற கோபம் வருகிறது. கதையை எழுதியவர்களில் ஒருவர் டேவிட் ட்ரான்டர், மேலே ஐயா சொன்ன காமா பட்டறைக்காரர், தொழில் ஒலிப்பதிவு. தன் தாத்தா வழிக் கதை. ஒலிப்பதிவாளர் எழுதி ஒளிப்பதிவாளர் இயக்கினால் படம் இப்படித்தான் இருக்கும் போல.

மரகதம்

இழையை இத்தனை நாளும் வாசிக்க மட்டும் செய்தேன். ஒரு காட்சி பற்றி எழுதியே ஆக வேண்டும்.

ஸ்வீட் கன்ட்ரியில் ஹாரி மார்ச் என்பவன் சாமின் மனைவி லிஸியை வீட்டுக்குள் மடக்குகிறான். போரிலிருந்து திரும்பி மூளை கலங்கிய குடிகாரன். கதவைச் சாத்துகிறான். ஒரு ஜன்னலைச் சாத்துகிறான், அறையில் பாதி வெளிச்சம் போகிறது. அடுத்த ஜன்னல். கடைசிப் பலகை மூடியதும் திரை முழு இருட்டு. பிறகு சத்தம் மட்டும்.

பலாத்காரத்தைப் படமாக எடுத்த எத்தனையோ இயக்குநர்கள் 'கொடுமையை உணர்த்தத்தான்' என்று சொல்லி அந்தப் பெண்ணின் உடம்பைத்தான் காட்டியிருக்கிறார்கள். எந்த ஊர்ப் படமானாலும் சரி. இங்கே இருட்டாக்குகிறவன் குற்றவாளி. அவன் கையாலேயே ஜன்னல் மூடுகிறது. அந்த அறைக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டும்தான் என்று அதற்கு முன்பே நம் கண்ணுக்குப் பழக்கியிருக்கிறார், அதனால் இருட்டு தந்திரமாகப் படவில்லை. லிஸிக்கு வசனமே அநேகமாக இல்லாத படம். அவள் உடம்பை நம் பார்வைக்குக் கொடுக்க மறுத்தது பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

அரைவேக்காடு

மரகதம் அக்கா, அந்தக் காட்சி எனக்கும் பிடிச்சுது, மறுக்கல. ஒரு சந்தேகம் மட்டும். காட்டாம விடறதே மரியாதைன்னு வச்சுக்கிட்டா, நடந்த அநியாயத்துக்குச் சாட்சி யாரு? வெள்ளைக்காரன் நூறு வருஷமா காட்டாமத்தானே மறைச்சான்?

மரகதம்

நியாயமான கேள்வி தம்பி. ஆனால் அவர் மறைக்கவில்லையே. சத்தம் முழுக்க இருக்கிறது, நேரமும் குறையவில்லை. நமக்குத் தப்பிக்க வழி இல்லை, வேடிக்கை பார்க்கவும் வழி இல்லை. பிறகு அந்த வழக்கை விசாரிக்கும்போது ஊரில் நீதிமன்றக் கட்டடமே இல்லை, தெருவில் நாற்காலி போட்டு விசாரணை, ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு நிழல்கூட ஒளித்து வைக்காத பட்டப்பகல். அறைக்குள் இருட்டு, தெருவில் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் லிஸியை வாய் திறக்கச் சொல்கிறார்கள், அவள் திறக்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய பாரத்தை அவள் மேல் போடாமல் நம் மேல் போட்டுவிட்டார்.

அரைவேக்காடு

ம்ம். இதுக்கு இன்னொரு தடவை பாத்துட்டு வந்து சண்டை போடறேன்.

கட்டர் செந்தில்

நான் நேத்து 'தி சஃபையர்ஸ்' பாத்தேன். ஆளே வேற! 1968, நாலு பழங்குடிப் பொண்ணுங்க வியட்நாம் போர்ல அமெரிக்க சிப்பாய்ங்களுக்குப் பாடப் போற கதை. ஸ்டேஜ் லைட், மினுக்குற டிரஸ், பேக் லைட்ல முடி தகதகன்னு. முழுக்க கமர்ஷியல் லைட்டிங். கறுப்புத் தோலை எப்படிப் பளபளன்னு காட்டறதுன்னு பாடம் எடுக்கலாம். பெரிய சாஃப்ட் லைட்டப் பக்கவாட்டுல வச்சு கன்னத்துல ஒரு மினுக்கு மட்டும் விழ வச்சிருக்காரு, வெளிச்சத்த ஏத்தி மூஞ்சிய வெளுப்பாக்கல.

சாம்சன்ல வெயில அப்படியே விட்டது லைட்டிங் தெரியாததால இல்லன்னு இதப் பாத்தா நம்பலாம்.

டிஐ ரூம்

அந்தப் படத்துக்கு ஆஸ்திரேலியத் தேசிய விருதில் ஒளிப்பதிவுப் பரிசும் வாங்கினார். அடுத்தவர் படத்துக்குத் தன் பாணியைத் திணிக்காத ஒளிப்பதிவாளர். பாலு மகேந்திரா மாதிரி இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே ஆளாக இருப்பவர்களிடம் இந்தக் கேள்வி எப்போதும் வரும்: அடுத்தவருக்கு வேலை செய்யும்போது எவ்வளவு அடங்குவது என்று.

மெல்பேர்ண் வாசி

ஆளின்ர வாய் பற்றி ஒண்டும் சொல்லேல்லை நீங்கள். 2010ல 'ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர்' விருதுக்கு வட பிரதேசத்தின்ர சார்பில முன்மொழியப்பட்ட நேரம், தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தை இனவாதியள் தங்கட சின்னமாக்கிப் போட்டினம், அது சுவஸ்திகா மாதிரி ஆகிப்போடுமோ எண்டு பயமாயிருக்கெண்டார். நாடு கொந்தளிச்சுப்போச்சு. அவர் அதை விடேல்லை. 2017ல அதைப் பற்றியே 'வீ டோன்ற் நீட் எ மாப்' எண்டு ஆவணப்படம் எடுத்தார், சிட்னித் திரைப்பட விழாவின்ர தொடக்கப் படம். சின்னச் சின்ன பொம்மையளை வைச்சு கப்டன் குக் வந்த கதையைச் சொல்லியிருப்பார். நல்ல பகிடி. இந்தாள் எப்பவும் முகத்தை இறுக்கி வைச்சிருக்கிற கலைஞரில்லை.

செம்மண்

'தி நியூ பாய்' பற்றி யாராவது? எனக்கு அதில் கலவையான எண்ணம்.

1940கள். தூரப் பிரதேசத்தில் ஒரு துறவு மடம், பழங்குடிப் பிள்ளைகளை வைத்து வளர்க்கிறார்கள். கேட் பிளாஞ்செட் கன்னியாஸ்திரி. இரவோடு இரவாக ஒரு புதுப் பையனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவன் விரல் நுனியில் ஒரு பொறி வெளிச்சம் வரும், அதோடு விளையாடுவான். ஒளிப்பதிவாளர் எழுதிய கதை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்: ஒரு பழங்குடிச் சிறுவனின் சக்தியைக் காட்ட அவருக்குத் தோன்றியது வெளிச்சம். மடத்துக்குள் வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருகிறது, மெழுகுவர்த்தியிலிருந்து வருகிறது. எல்லாம் வெளியிலிருந்து, யாரோ கொடுப்பது. அவனுடையது மட்டும் அவன் கையிலிருந்து. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அந்தப் பொறிக்கு என்ன ஆகிறது என்பதுதான் படம்.

தோர்ன்டனையே சின்ன வயதில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூ நோர்சியா என்ற ஸ்பானியத் துறவிகள் நிறுவிய மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதனால்தானோ என்னவோ, கன்னியாஸ்திரியைக் கொடுமைக்காரி ஆக்கவில்லை. அன்பாகத்தான் அழிக்கிறாள்.

பிற்பாதியில் சிலுவை, ஆணிக் காயம், பாம்பு என்று குறியீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவிட்டன. கோதுமை வயலும் வானமும் கண்ணைப் பறிக்கின்றன, அதுவே எனக்கு உறுத்தல். சாம்சன் எடுத்தவர் இவ்வளவு அழகாக எடுக்க வேண்டுமா?

கட்டர் செந்தில்

அழகா எடுத்தா தப்பா தலைவா? அம்பது வயசுக்கு மேல, கைக்கு நல்ல பட்ஜெட்டு வந்திருக்கு, தங்கத் தவளையும் குடுத்துட்டாங்க. விடுங்க, ஆசப்பட்டு வச்சிருக்காரு.

நித்யகலா

செம்மண் ஐயா கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அழகு பையனின் கண்ணால் பார்ப்பது. அவன் வந்து இறங்கியது சிறை என்று நமக்குத் தெரியும், அவனுக்கு அங்கேயும் மண், பாம்பு, காற்று இருக்கிறது. அதனால் முதல் பாதிக்கு அந்த அழகை ஏற்கிறேன். பிற்பாதிக் குறியீடுகள் எனக்கும் எடுபடவில்லை.

மெல்பேர்ண் வாசி

மகனைப் பற்றியும் சொல்லிப்போட்டுப் போறன். டிலன் றிவர். ஸ்வீட் கன்ட்றிக்கு தகப்பனோட சேர்ந்து ஒளிப்பதிவு, ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தேசிய விருது. 2020ல 'த பீச்' எண்டு ஒரு தொடர். தோர்ன்டன் டாம்பியர் குடாநாட்டில ஒரு தகரக் கொட்டிலில தனிய இருந்து மீன் பிடிச்சுச் சமைச்சு, கோழியளோட கதைச்சுக்கொண்டு இருக்கிறார். கமரா மகன். வாழ்க்கை முழுக்க மற்றவையைப் பாத்த ஆளை மகன் பாக்கிறார். சமையல் பாக்கிறதுக்கெண்டே ரெண்டு தரம் பாத்தனான்.

தோர்ன்டனுக்கு முந்தி அலன் கொலின்ஸ் இருக்கிறார், மறந்திடாதேங்கோ. ஐவன் சென் இயக்கின 'பினீத் க்ளௌட்ஸ்' படத்துக்கு 2002லயே தேசிய ஒளிப்பதிவு விருது எடுத்தவர்.

அரைவேக்காடு

ஐவன் சென்னா, 'லிம்போ' எடுத்தவர்தானே? கறுப்பு வெள்ளையில, கூபர் பீடி ஓபல் சுரங்க ஊர்ல? எழுத்து, இயக்கம், கேமரா, எடிட்டிங், இசை எல்லாம் அவரே. எனக்கு தோர்ன்டனை விட அவரைத்தான் பிடிக்கும். செவப்பு மண்ணுக்குப் பேர்போன ஊர்ல நிறத்தையே எடுத்துட்டாரு, எவ்வளவு திமிர் வேணும்!

செம்மண்

ஆகா, இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் கல்லெறிந்தீர்களா? அதற்கு நீங்களே தனி இழை தொடங்குங்கள். இங்கே போட்டால் தோர்ன்டன் காணாமல் போவார்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு என் வரிசை: முதலில் சாம்சன், உடனே சஃபையர்ஸ், அப்புறம் ஸ்வீட் கன்ட்ரி. மூன்றும் பிடித்திருந்தால் மட்டும் நியூ பாய்.

கட்டர் செந்தில்

அரைவேக்காடு அண்ணே, லிம்போ இழைய இன்னிக்கே போடுங்க. கறுப்பு வெள்ளைல அந்தச் சுரங்கக் குழிக்குள்ள எக்ஸ்போஷர் எப்படி வச்சாருன்னு எனக்கு நாலு கேள்வி இருக்கு.